மறதி நோய்க்குப் பெயர் தந்த டாக்டர்

1901-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனி நாட்டில் பிராங்பர்ட் நகர மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். பெயர் அகஸ்டே. வயது 51. கணவர் ரெயில்வே குமாஸ்தா.

முதலில் வந்தது சந்தேகம். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கணவருக்குத் தொடர்பு என்று சண்டை பிடித்தார். பிறகு மறதி. சமையல் கெட்டது. சாமான்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார்.

டாக்டர் அவர் எதிரே உட்கார்ந்தார். பேனா, சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் சரியான பெயர் சொன்னார் அந்த அம்மாள். சிறிது நேரம் கழித்து, என்ன காட்டினேன் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் நினைவில் இல்லை!

மதியம் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் சாப்பிட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்றார்.

பெயரை எழுதச் சொன்னார் டாக்டர். திருமதி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அடுத்து எழுத வேண்டியது அவருடைய சொந்தப் பெயர். அது மறந்து போயிற்று.

அந்த டாக்டர்தான் அலோயிஸ் அல்சைமர்.

மூளைக்குள் என்ன?

அல்சைமர் 1864-ல் மார்க்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1888-ல் பிராங்பர்ட் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். அங்கே நிசில் என்ற டாக்டர் நண்பரானார். இறந்தவர்களின் மூளையை மெல்லிய தகடாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில் நிசில் கைதேர்ந்தவர். அல்சைமரும் அதில் மூழ்கினார்.

அகஸ்டே ஆஸ்பத்திரிக்கு வந்த அதே 1901-ல்தான் அல்சைமரின் மனைவி காலமானார். குழந்தைகள் மூன்று பேர்.

1903-ல் அவர் பிராங்பர்ட்டை விட்டுப் போனார். பிறகு மூனிச் நகரில் வேலை. ஆனால் அகஸ்டேயை மறக்கவில்லை. அந்த அம்மாளோ நாளுக்கு நாள் தேய்ந்தார். கடைசியில் படுத்த படுக்கை. 1906 ஏப்ரலில் உயிர் பிரிந்தது. மூளையை மூனிச்சுக்கு வரவழைத்தார் அல்சைமர்.

மூளை சுருங்கியிருந்தது. நரம்பு அணுக்களுக்கு இடையே கட்டி கட்டியாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்குள் நூல் சிக்கல் போன்ற முடிச்சுகள்!

வயதானால் மறதி வருவது இயற்கை என்றே அப்போது எல்லோரும் நினைத்தார்கள். 51 வயது என்ன கிழ வயதா? இது முதுமை அல்ல, நோய்.

அதே ஆண்டு நவம்பரில் டுபிங்கன் நகர மகாநாட்டில் இதைச் சொன்னார். ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

படிப்படியாக இறங்கும் நோய்

எல்லா மறதி நோயும் ஒரே மாதிரி போவதில்லை. அகஸ்டேக்கு வந்தது சரிவான பாதை போன்றது. பல ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்கும். பெரும்பாலோருக்குப் புதிய நினைவு முதலில் போகும், பழையது தங்கும்.

ரத்தக் குழாய் கெட்டு வருவது வேறு. அது பெரும்பாலும் மாடிப்படி போல. ஒரு நாள் திடீரென்று ஒரு படி இறங்கும். சில காலம் அப்படியே நிற்கும். மறுபடி ஒரு படி. இதைப் பற்றியும் அல்சைமர் முன்பே எழுதியிருந்தார்.

பிக் என்ற டாக்டர் கண்ட நோயில் நினைவு ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும். குணமோ பேச்சோதான் மாறும். சாதுவாக இருந்தவர் கூச்சமின்றி நடப்பார். திமிர் என்று வீட்டார் திட்டுவார்கள், பாவம்! இந்த நோயாளிகளின் மூளை அணுக்களில் உருண்டைகளைக் கண்டவரும் அல்சைமரே.

அவரது மூனிச் கூடத்தில் வேலை பார்த்த லூயி என்பவர் பெயரில் இன்னொன்று உண்டு. இன்று தெளிவு, நாளை குழப்பம். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

1910-ல் கிரேப்லின் என்ற பேராசிரியர் தமது புத்தகத்தில் அகஸ்டேயின் நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். வெகு காலம் அது நடுவயதினர் நோய் என்றே கருதப்பட்டது. முதியோரின் மறதி நோயிலும் பெரும்பகுதி இதுதான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

1915 டிசம்பரில் அல்சைமர் காலமானார். அவருக்கும் வயது 51. பிராங்பர்ட்டில் மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

1995-ல் அதே நகர ஆஸ்பத்திரியில் ஒரு பழைய கட்டு கிடைத்தது. அல்சைமர் கைப்பட எழுதிய குறிப்புகள். கூடவே, அகஸ்டே தம் பெயரை எழுத முயன்ற அந்தக் காகிதமும் இருந்தது.