கழற்றிப் பார்த்துக் கற்றவர்

சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை மேல் தாம்சன் சாலையில் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. அந்தக் காலத்துப் பந்தயக் கார்களைப் போன்ற பழைய வண்டிகளைச் சிலர் இன்றும் ஆசையோடு பராமரித்து வருகின்றனர். அவற்றில் அடிக்கடி தோன்றும் கோளாறு பெட்ரோல் கசிவு. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடிப்பு விடும், இணைப்புகள் தளரும். காரின் அருகே சென்றாலே பெட்ரோல் வாடை வீசும். ஒரு சிறு தீப்பொறி பட்டாலும் பெரும் விபத்து நேரலாம்.

தேக்கா வட்டாரத்தை அடுத்துள்ள ஜாலான் புசார் பகுதியில் நெடுங்காலமாக இரும்புக் கடைகளும் பழுதுபார்க்கும் கடைகளும் இருந்து வந்துள்ளன. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கசியும் காரைக் கொண்டு சென்றால் அவர் உடனே பாகங்களை மாற்றிவிட மாட்டார். முதலில் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடுவார். மின்கல இணைப்பைத் துண்டிப்பார். பிறகு தொட்டியிலிருந்து தொடங்கி, குழாய், பம்பு, கார்புரேட்டர் என்று ஒவ்வோர் இணைப்பையும் துடைத்து, எது மீண்டும் ஈரமாகிறது என்று பார்ப்பார். பெட்ரோல் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் கசியும் பெட்ரோல் குழாய் வழியே ஓடி வேறோர் இடத்தில் சொட்டலாம். ஆகவே, மூல காரணத்தைக் கண்டறிவதே பழுதுபார்க்கும் கலையின் முதற்படி.

இந்தக் கலையைத் தம் கைகளாலேயே கற்று, பின்னர் உலகமே வியக்கும் வகையில் உயர்ந்த தமிழகத்து மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர்தான் 'இந்தியாவின் எடிசன்' என்று போற்றப்படும் ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் நாயுடு பிறந்தார். அவருடைய தந்தையார் கோபால்சாமி ஒரு விவசாயி. சிறு வயதிலேயே தாயை இழந்த நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு விலகினார்.

இளைஞரான அவர் ஒருநாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடோ குதிரையோ இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அதை எப்படியாவது சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்று எண்ணினார். கோயம்புத்தூருக்குச் சென்று, உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்த வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார்.

வேறொருவராக இருந்திருந்தால், வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றி வந்திருப்பார். நாயுடுவோ அதை முழுவதும் கழற்றினார்! மூன்றாண்டு உழைப்பின் பலன் பல துண்டுகளாக அவர் முன் கிடந்தது. திரும்பப் பூட்ட முடியாமல் போயிருந்தால் பணமும் உழைப்பும் வீணாகியிருக்கும். ஆனால், ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்து, மீண்டும் அவற்றைப் பூட்டினார்.

அக்கால மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தொட்டி இயந்திரத்துக்கு மேலே இருக்கும். பெட்ரோல் தன் எடையாலேயே மெல்லிய குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு இறங்கும். கார்புரேட்டர் அதைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும். கார்புரேட்டருக்குள் ஒரு மிதவை உண்டு. போதிய அளவு பெட்ரோல் நிரம்பியதும் அது மேலெழுந்து வழியை அடைக்கும். மிதவை சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழிந்துவிடும். இத்தகைய நுட்பங்களைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கழற்றிப் பார்ப்பவரே நன்கு உணர்வர்.

மெக்கானிக்காக வேலை செய்த நாயுடு, பிறகு பருத்தி வணிகத்தில் இறங்கினார். அதில் ஈட்டிய பொருளைப் பம்பாயில் இழந்தார். எனினும் மனம் தளரவில்லை. 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டு, பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். மின்சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி எனப் பலவற்றையும் வடிவமைத்தார்.

தாம் பெற்ற அறிவு பிறருக்கும் பயன்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். 1945ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்றப் பெரிதும் உதவினார். பொறியியல் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். செய்முறைப் பயிற்சி சரியாக அமைந்தால் பொறியியல் கல்விக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது கருத்து. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமில்லாத நாயுடு, பதவியைத் துறந்தார். அவர் வளர்த்த கல்லூரியே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது.

1952ஆம் ஆண்டு, இருவர் அமரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. சாதாரணக் குடும்பங்களும் கார் வாங்கலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. ஆனால், அதைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. இயந்திரத்தின் கோளாறுகளைக் கண்டறிந்து நீக்கத் தெரிந்த அவரால் இந்தத் தடையை நீக்க முடியவில்லை. அந்தக் கார் சந்தைக்கு வராமலேயே போயிற்று.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய கார் அருங்காட்சியகம் ஒன்று இப்போது கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ளது. அங்கே பழங்காலக் கார்கள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

சிங்கப்பூரில் இன்று பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் மாணவர்கள் பட்டறைகளில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிக் கற்கின்றனர். நாயுடு இளமையில் தனியாகக் கற்ற பாடத்தை அவர்கள் ஆசிரியர்களின் துணையோடு கற்கின்றனர். கருவிகள் மாறிவிட்டன, பெட்ரோல் கார்களுக்குப் பதிலாக மின்கார்கள் பெருகி வருகின்றன. ஆயினும், கோளாறு எங்கே தொடங்குகிறது என்று பொறுமையாகத் தேடும் பழக்கம் எந்தக் காலத்துக்கும் தேவையானது.