புத்தகங்களுக்கு விலாசம் எழுதிய கணக்கு வாத்தியார்

கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில், கடியப்பட்டணம் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டு அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மேற்குக் கரையில் ஜூன் 1-ந் தேதி முதல் ஜூலை 31-ந் தேதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மொத்தம் 61 நாள். அந்த நாட்களுக்கு அரசாங்கம் நிவாரணப் பணம் கொடுக்கிறது. அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று சொல்லும் பக்கத்தை மகள் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தாள். கம்ப்யூட்டரில் பத்திரமாகச் சேமித்தும் வைத்தாள்.

இப்போது அப்பா கேட்கிறார். பக்கத்தைக் காணோம்!

அது தொலைந்து போகவில்லை. கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால், எந்த போல்டரில்? "அரசு" என்று ஒரு போல்டர். "கடல்" என்று ஒன்று. "அப்பா" என்று ஒன்று. "மற்றவை" என்று ஒன்று. அதில் இருநூறு பக்கங்கள்! அன்றைக்கு எதை நினைத்து எங்கே போட்டாள் என்பது அவளுக்கே மறந்து போயிற்று.

இதே தலைவலியை நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு தமிழர் பட்டார். பட்டதோடு விடவில்லை. மருந்தும் கண்டுபிடித்தார். அவர்தான் சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன்.

திக்கிய வாய்

ரங்கநாதன் 1892-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சீர்காழியில் பிறந்தார். அப்பா ராமாயணக் கதை சொல்வதில் விருப்பம் உள்ளவர். மகனுக்கு ஆறு வயது ஆனபோது அவர் இறந்துவிட்டார். பையன் சீர்காழி உயர்நிலைப் பள்ளியில் படித்தான். பேசும்போது திக்கும். ஆனால், கணக்கு மட்டும் திக்காமல் வந்தது!

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து 1916-ல் எம்.ஏ. பட்டம் வாங்கினார். மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தார். திக்குவாயையும் முயன்று அடக்கினார். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

ஆனால், வாத்தியார் சம்பளம் குறைவு. 1923-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூல் நிலையத்துக்கு ஒரு தலைவர் தேவை என்று அறிவித்தது. ரங்கநாதனும் மனுப் போட்டார். நூல் நிலைய வேலை பற்றி அவருக்குத் தெரிந்தது என்ன? பேட்டிக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரே ஒரு கட்டுரைதான்! ஆனாலும் வேலை கிடைத்தது. 1924-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி வேலையில் சேர்ந்தார்.

சேர்ந்த சில நாளிலேயே சலித்துவிட்டது. பேச ஆள் இல்லை. வருவோர் போவோர் இல்லை. புத்தகங்களும் அவரும்தான். பழைய வேலையையே திருப்பித் தாருங்கள் என்று கேட்டுப் போய் நின்றார். லண்டன் சென்று நூல் நிலையக் கலையைப் படித்து வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் கணக்கு வேலைக்கே திரும்பலாம் என்று முடிவு செய்து அனுப்பி வைத்தார்கள்.

கடையில் கிடைத்த யோசனை

லண்டனில் பேர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியர். படித்த நேரம் போக, நூறு நூல் நிலையங்களுக்கு மேல் சுற்றிப் பார்த்தார். எங்கும் ஒரே குறைதான் அவர் கண்ணில் பட்டது.

அப்போது பெயர் பெற்றிருந்தது அமெரிக்காவின் மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட முறை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண். நல்ல முறைதான். ஆனால், எல்லா அறைகளையும் முதலிலேயே கட்டி முடித்த வீடு மாதிரி அது. புதிதாக ஒரு பாடம் வந்தால் அறை இல்லை. இரண்டு பாடத்தில் ஒட்டிய புத்தகம் வந்தால் எந்த அறையில் விடுவது? ஓர் அறையில் விட்டால் அடுத்த அறையில் தேடுகிறவன் வெறுங்கையோடு திரும்புகிறான். கடியப்பட்டணத்துப் பெண்ணின் கதையும் இதுதானே!

ஒரு நாள் லண்டனில் செல்பிரிட்ஜ் என்ற பெரிய கடைக்குள் போனார். அங்கே "மெக்கானோ" என்ற விளையாட்டுச் சாமான். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரம், திருகாணி. அவ்வளவுதான். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் பாரம் தூக்கும் யந்திரம். பிரித்து வேறு விதமாகப் பூட்டினால் வண்டி!

ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. பாடங்களுக்கு அறை கட்டுவானேன்? துண்டுகளை மட்டும் செய்து வைப்போம். புத்தகம் வரும்போது பூட்டிக்கொள்வோம். துண்டுகளை இணைக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் குறி. இலக்கணத்தில் முக்காற்புள்ளி என்கிறோமே, மேலும் கீழும் இரண்டு புள்ளி, அதுதான். ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். அதனால் அவர் முறைக்குக் "கோலன் பகுப்பு முறை" என்றே பெயர் வந்தது.

1925-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது, கப்பலில் இருந்த புத்தகங்களைக்கூட அவர் சும்மா விடவில்லை. தம் முறைப்படி அடுக்கிப் பார்த்தார்! கணக்கு வேலைக்குத் திரும்பும் பேச்சே அதன் பிறகு எழவில்லை.

ஐந்து கேள்விகள்

1933-ல் அந்த முறை புத்தகமாக வெளிவந்தது. பின்னும் பல ஆண்டுகள் அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் எந்த விஷயத்தையும் ஐந்து கேள்விகளில் அடக்கினார். விஷயத்தின் உயிர் எது? எதனால் ஆனது? என்ன வேலை நடக்கிறது? எந்த இடம்? எந்தக் காலம்?

ஆடி மாதத்தில் குமரிக் கடற்கரையில் நைலான் வலையைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். உயிர், வலை. எதனால் ஆனது, நைலான். வேலை, பழுது பார்ப்பது. இடம், குமரிக் கரை. காலம், ஆடி. இந்த ஐந்தையும் சேர்த்துப் பூட்டினால் அந்தப் புத்தகத்தின் விலாசம். புத்தகம் ஓர் அலமாரியில்தான் இருக்க முடியும். ஆனால், அதைக் காட்டும் அட்டைகள் பல இடத்தில் இருக்கலாம். வலை என்று தேடுகிறவருக்கும் கிடைக்கும், குமரி என்று தேடுகிறவருக்கும் கிடைக்கும்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய குறிகள் கொஞ்சம் கடினமானவை. கல்லூரியில் படிக்கும்போது அந்தக் குறிகளைப் பார்த்து நானே மிரண்டிருக்கிறேன். இந்தியாவிலேயே பல நூல் நிலையங்கள் டியூயி முறையைத்தான் வைத்துக்கொண்டன. ஆனால், ஒரு பொருளைப் பல பக்கத்திலிருந்து தேடலாம் என்ற அவருடைய எண்ணம் உலகம் முழுவதும் பரவிவிட்டது. இன்று கம்ப்யூட்டரில் சேலை வாங்குகிறவர்கள் நிறம் ஒரு பக்கம், விலை ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம் என்று சலித்து எடுப்பதும் அதே வழிதான்.

மாட்டு வண்டியில் புத்தகம்

புத்தகத்தை அடுக்குவதோடு அவர் வேலை முடியவில்லை. பூட்டிய அலமாரிகளைத் திறந்து வைத்தார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அந்த விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூல் நிலையம் புறப்பட்டது. வண்டியை அமைத்தவர் கனகசபைப் பிள்ளை என்ற என்ஜினீயர். காளைகள் இழுத்துச் சென்ற புத்தகங்கள் கிராமத்து மக்களின் வாசலில் போய் நின்றன.

இருபது ஆண்டுகள் லீவு எடுக்காமல் உழைத்தார். 1929-ல் சாரதா அம்மையாரை மணந்தார். முகூர்த்தம் முடிந்ததும் அன்றே நூல் நிலையத்துக்குப் போய்விட்டாராம்! அம்மையார் பாடு என்னவோ! பின்னாளில் அந்த அம்மையார் பெயரில் ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த, பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்.

1945-ல் சென்னை வேலையை விட்டார். காசிப் பல்கலைக்கழகத்துக்குப் போய், இரண்டு வருடத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே பிரித்து அடுக்கினார். அவர் பாடுபட்ட சென்னைப் பொது நூல் நிலையச் சட்டம் 1948-ல் வந்தது. 1957-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். 1972-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெங்களூரில் காலமானார். ஆகஸ்டு 12-ந் தேதியை அவர் நினைவாக நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

கடியப்பட்டணத்து மகளை மறந்துவிடவில்லை. "மற்றவை" போல்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒரு வழியாகப் பக்கத்தைப் பிடித்துவிட்டாள். இந்தத் தடவை பழைய பெயரிலேயே அதை விடவில்லை. "நிவாரணம், தடைக்காலம், மேற்குக் கரை, ஜூன் ஜூலை, அப்பா" என்று பக்கத்தின் பெயரிலேயே எழுதிவிட்டாள். இனி இதில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் பக்கம் வந்து நிற்கும். அப்பா ரேஷன் கார்டையும் பாங்கி புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.