புதுக்கோட்டையைச் சீர்ப்படுத்திய திவான் சேஷையா சாஸ்திரியார்

நம் புதுக்கோட்டை நகருக்கு முதன்முறையாக வருவோர் வியந்து பார்ப்பது அதன் வீதிகளை. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. நான்கு ராஜ வீதிகள் பழைய அரண்மனைப் பகுதியைச் சூழ்ந்து நிற்க, அவற்றுக்கு அப்பால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என எண்ணிட்ட வீதிகள் அமைந்துள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயரகுநாதராயத் தொண்டைமான் ஆட்சியில், மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனையுடன் இவ்வமைப்பு உருவாயிற்று. பின்னாளில் அதைச் சீர்ப்படுத்தி நவீன நகரமாக்கிய பெருமை திவான் சேஷையா சாஸ்திரியாரையே சாரும்.

அன்னார் 1828-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் தஞ்சைச் சீமையின் அமராவதி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் பவல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் கல்வி பயின்றார். வருவாய்த் துறையில் சாதாரணப் பணியில் சேர்ந்து, உழைப்பாலும் நேர்மையாலும் படிப்படியாக உயர்ந்தார். 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்தார். அச்சமஸ்தானத்தில் 1875-இல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

1878-இல் ராமச்சந்திரத் தொண்டைமானின் ஆட்சியில் புதுக்கோட்டைப் பொறுப்பை ஏற்றார். அப்போது சமஸ்தானம் கடனில் தத்தளித்தது. 1886-இல் மன்னர் மறைந்தபோது வாரிசான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவர். எனவே 1894 வரை ஆட்சிச் சுமை முழுவதையும் சாஸ்திரியாரே தாங்கினார். புதுக்குளம், பல்லவன் குளம் முதலிய நீர்நிலைகளைச் செப்பனிட்டார். வீதிகளை ஒழுங்குபடுத்தினார். பொதுக் கட்டடங்களை எழுப்பினார். பின் ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வாழ்ந்து, 1903 அக்டோபர் 29-இல் மறைந்தார்.

அவர் கண்ட வீதிகளில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சென்றன. அவர் இங்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1868-இல், லண்டனில் எரிவாயுவால் எரியும் போக்குவரத்து விளக்கு நிறுவப்பட்டுவிட்டது. சில வாரங்களில் அது வெடித்துக் காவலர் ஒருவர் காயமுற்றதால் கைவிடப்பட்டது. நம் வீதிகளில் அன்று அதற்குத் தேவையே இருக்கவில்லை. இன்றோ பேருந்தும் லாரியும் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் நாற்சந்திகளில் முட்டிக்கொள்கின்றன. பள்ளி விடும் மணியில் வீதியைக் கடக்க நாம் படும் பாடு பெற்றோர் அறிந்ததே. சந்திக்குச் சிக்னல் நல்லதா, ரவுண்டானா நல்லதா என்ற கேள்வி வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது.

சாஸ்திரியார் பேணிய குளங்களே இதற்கு விடை சொல்லும் என்று நமக்குத் தோன்றுகிறது. குளத்துக்குக் கலிங்கு உண்டு, மடை உண்டு. நிறைந்த நீர் கலிங்கு வழியே தானாக வழிந்தோடும். மடையை நாம் திறந்தால்தான் நீர் பாயும். ரவுண்டானா கலிங்கைப் போன்றது. யாரும் திறந்து மூட வேண்டியதில்லை, மின்சாரமும் தேவையில்லை. கோயிலை வலம் வருவதுபோல் வண்டிகள் சுற்றிச் செல்லும்போது வேகம் தானே குறைகிறது. சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் மோதிக்கொள்ளக்கூடிய இடங்கள் 32 என்றும், ஒரே வரிசையாகச் சுற்றும் ரவுண்டானாவில் அவை 8 என்றும் பொறியாளர்கள் கணக்கிட்டுள்ளனர். சிக்னல் மடையைப் போன்றது. ஒரு பக்கம் வெள்ளமாக வந்தாலும் தடுத்து நிறுத்தி, மறுபக்கத்துக்கு முறை கொடுக்கும். நடந்து செல்லும் முதியவருக்கும் சிறுமிக்கும்கூட அதில் ஒரு முறை ஒதுக்கலாம். ரவுண்டானாவில் வண்டி ஓட்டுபவர் மனமிரங்கினால்தான் நமக்கு வழி.

ஆகவே, புறவழிச் சாலைகள் சந்திக்கும் விசாலமான இடங்களுக்கு ரவுண்டானாவே ஏற்றது. கடைகளும் பள்ளிகளும் நெருங்கிய குறுகிய உள்வீதிகளுக்கு, நடப்பவர்க்கும் முறை ஒதுக்கும் சிக்னலே ஏற்றது. இது நம் கருத்து.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. நீர் வெளியேறும் வழி அடைபட்டால் கலிங்கும் பயனில்லை, மடையும் பயனில்லை. ரவுண்டானாவை விட்டு வெளியேறும் வீதி அடைபட்டால் சுற்றும் வண்டிகள் அங்கேயே சிக்கி, நான்கு திசையும் ஸ்தம்பிக்கும். பச்சை விளக்கு எரிந்தாலும் முன்னே இடமில்லையேல் நகர முடியாது. ரவுண்டானாவுக்குள் ஏற்கனவே சுற்றி வருபவருக்கு நுழைபவர் வழிவிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் 1966-இல் விதியாயிற்று. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாகன ஓட்டும் விதிகளும் அதையே கூறுகின்றன. அவ்விதியைப் பேணாதவரிடம் எந்த ரவுண்டானாவும் தோற்றுவிடும்.

குளத்தைத் தூர்க்காமலும் வீதியை ஆக்கிரமிக்காமலும் காப்பதே நகரத்தைக் காப்பதாகும். திவான் சேஷையா சாஸ்திரியார் பதினாறு ஆண்டுகள் செய்த பணி அதுவே. சந்தி முனையில் வண்டியை நிறுத்தாதிருக்கவும், முன்னே செல்பவருக்கு ஒரு கணம் வழிவிடவும் நாம் இன்றே பழகுவோம். வீட்டிலுள்ள பெரியவர்களையும் அன்போடு பழக்குவோம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகட்டும்.