எஸ் எழுத்தை இழுத்து நீட்டியவர்



முதல் வருஷம், மேத்ஸ் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. யாரோ டைப் பண்ணி அனுப்பிய நோட்ஸை மொபைலில் திறந்தேன். இன்டெக்ரல் வரவேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். எந்தக் கட்டம் இன்டெக்ரல், எந்தக் கட்டம் ரூட் என்று தெரியாமல் முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். ஒரு குறியீடு சரியாக அச்சாகவில்லை என்றால் கணக்கே செத்துப் போகும் என்பது எனக்கு அன்னைக்குப் புரிந்தது. ஆனால் அதை 300 வருஷத்துக்கு முன்னாடியே புரிந்துகொண்ட ஒருத்தர் இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பெயர் காட்ஃப்ரீட் வில்ஹெல்ம் லைப்னிட்ஸ். 1646-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிறந்தார். அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர். பையனுக்கு ஆறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன புத்தகங்கள்தான் பையனுக்கு வாத்தியார். லத்தீனைக்கூடப் பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டார். பிறகு சட்டம் படித்தார். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. வேறு ஊரான ஆல்ட்டோர்ஃபுக்குப் போய் வாங்கினார். அப்போது அவருக்கு வயசு 20. நம்மை விடச் சின்னப் பையன்!

1672-ல் அரசு வேலையாகப் பாரிஸ் போனார். அங்கே ஹைகன்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியைச் சந்தித்தபோதுதான், தனக்குக் கணிதம் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று அவருக்கே உறைத்தது. 26 வயசில் அடியிலிருந்து ஆரம்பித்தார். பல் சக்கரங்களால் ஓடும் ஒரு கணக்கிடும் இயந்திரத்தைச் செய்து, 1673-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். மூணே வருஷத்தில் கால்குலஸைக் கண்டுபிடித்துவிட்டார்.

இப்போ தேதியைக் கவனியுங்க. 1675 அக்டோபர் 29. அதுவரை எண்ணற்ற சின்னத் துண்டுகளைக் கூட்டுவதைக் குறிக்க, எல்லாம் என்ற பொருள் தரும் லத்தீன் வார்த்தையைச் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதை விட்டுவிட்டு, கூட்டுத்தொகைக்கான லத்தீன் வார்த்தையான சும்மா-வின் முதல் எழுத்தை, அதாவது எஸ்-ஐ, மேலும் கீழும் நீட்டி எழுதினார். நாம் இன்றைக்கும் போடும் ∫ அதுதான். வித்தியாசத்தைக் குறிக்கும் டி என்ற எழுத்தும் அதே நாட்களில் வந்ததுதான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீங்க. நியூட்டன் கால்குலஸை இவருக்கு முன்னாடியே கண்டுபிடித்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. அவர் எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி வைப்பார். எந்த மாறியைப் பொறுத்து மாறுகிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது. லைப்னிட்ஸின் குறியீட்டைப் பார்த்தாலே தெரியும். செயின் ரூல் போடும்போது மேலும் கீழும் அடித்துவிடுவது போல இருக்கிறதே, அது தற்செயல் இல்லை. நல்ல குறியீடு பாதி யோசனையைத் தானே செய்துவிடும் என்று அவர் நம்பினார். மனுஷனின் எல்லா எண்ணங்களையும் குறியீடுகளால் எழுதி, சண்டை வந்தால் கணக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ள முடியுமா என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர் அவர்.

இன்னொரு கவலையும் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயத் துண்டு. அச்சுக் கோர்ப்பவர் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்க வேண்டும். பின்னத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்று, கூட்டாகச் சேர்ப்பதற்கு மேலே ஒரு நீளக் கோடு என்றால் வரி உடைந்துபோகும். அதனால் மேல்கோட்டுக்குப் பதில் அடைப்புக்குறி, வகுத்தலுக்கு இரட்டைப் புள்ளி என்று ஒரே வரியில் அடங்கும் குறிகளை வலியுறுத்தினார். பெருக்கலுக்கு × வேண்டாம், அது எக்ஸ் எழுத்தோடு குழம்பும், புள்ளி போதும் என்று 1698-ல் பெர்னோலிக்குக் கடிதம் எழுதினார். நாம கோடு எழுதும்போது பின்னத்தை எல்லாம் ஒரே வரியில், அடைப்புக்குறி போட்டு எழுதுகிறோமே, அதே பிரச்சினைதான்!

அவர் வாழ்க்கை மட்டும் சுகமாகப் போகவில்லை. ஹனோவர் பிரபுக்களிடம் நூலகராக வேலை. ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க அவர் வடிவமைத்த காற்றாலைகள் தோற்றன. முதலாளியின் குடும்ப வரலாற்றை எழுதும் வேலை கடைசி வரை முடியவே இல்லை. கால்குலஸை நியூட்டனிடமிருந்து திருடிவிட்டார் என்று குற்றச்சாட்டு வந்தது. 1712-ல் ராயல் சொசைட்டி விசாரணைக் குழு போட்டது. சொசைட்டியின் தலைவர் யார் தெரியுமா? நியூட்டனேதான். தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இன்றைய முடிவு.

1714-ல் அவருடைய முதலாளி இங்கிலாந்துக்கு ராஜாவாகப் போனார். இவரை மட்டும் ஹனோவரிலேயே விட்டுவிட்டார். 1716 நவம்பர் 14-ல் லைப்னிட்ஸ் இறந்தார். இறுதிச் சடங்குக்கு அரண்மனையிலிருந்து யாரும் வரவில்லை. 50 வருஷத்துக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை.

ஆனால் குறியீடு ஜெயித்தது. ஐரோப்பா முழுக்க ∫ பரவியது. நியூட்டனின் புள்ளியை விடாமல் பிடித்துக்கொண்ட இங்கிலாந்து நூறு வருஷம் பின்தங்கியது. கடைசியில் 1812-ல் கேம்பிரிட்ஜில் சில மாணவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்து, லைப்னிட்ஸின் குறியீட்டைக் கொண்டுவரப் போராடினார்கள். அதில் ஒருத்தர் சார்லஸ் பாபேஜ். ஆமாம், கம்ப்யூட்டரின் தந்தை என்று நாம் படிக்கிற அதே பாபேஜ்.

கம்ப்யூட்டர் வந்ததும் பழைய பிரச்சினை திரும்பி வந்தது. 1963-ல் வந்த ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடம்தான். கூட்டல் இருந்தது, சமக்குறி இருந்தது, ∫ இல்லை. ஆளாளுக்கு ஒரு ஃபான்ட் செய்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் இன்டெக்ரலாகத் தெரிவது இன்னொன்றில் வேறு எழுத்தாகத் தெரியும். பாமினி ஃபான்ட்டில் அடித்த தமிழ், ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியுமே, அதே கதை.

1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே ∫ இடம் பிடித்தது. 2001-ல் கணிதத்துக்கு என்றே ஏறக்குறைய ஆயிரம் தடித்த, சாய்ந்த, அலங்கார எழுத்துகள் சேர்ந்தன. எழுத்து ஒன்றுதானே, அலங்காரம் எதுக்கு என்று நினைக்காதீங்க. சாதாரண ஹெச் ஒன்று, ஹாமில்டோனியனைக் குறிக்கும் ஹெச் வேறு. ஒன்றாக்கிவிட்டால் சமன்பாட்டின் அர்த்தமே மாறிவிடும்.

இப்போ நான் ரசித்த விஷயம். யூனிகோடில் ∫-க்குக் கொடுத்த எண் 8747. அதை 16 பிட்டில் எழுதினால் 0010001000101011. இந்த 0, 1 கணக்கை விரிவாக விளக்கி 1703-ல் கட்டுரை வெளியிட்டவரும் லைப்னிட்ஸ்தான்! அவர் கண்டுபிடித்த குறியை, அவர் விளக்கிய எண் முறையில்தான் நம்ம மொபைல் ஞாபகம் வைத்திருக்கிறது.

வேலை இன்னும் முடியவில்லை. அவர் எழுதி வைத்த தாள்கள் ஹனோவர் நூலகத்தில் ஏறக்குறைய 2 லட்சம் பக்கம் இருக்கின்றன. உலகம் ஏற்காமல் விட்ட எத்தனையோ குறிகள் அதில் இருக்கின்றன. அவற்றைப் பதிப்பிக்கும் ஆய்வாளர்கள், அந்தக் குறிகளையும் சேர்க்கச் சொல்லி யூனிகோடுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். இடம் கிடைக்காத குறியைத் தேட முடியாது, காப்பி பண்ண முடியாது, படமாக ஒட்டத்தான் முடியும்.

அதனால் ஜூனியர்களுக்கு நோட்ஸ் அனுப்பும்போது ஒரு உதவி பண்ணுங்க. யூனிகோடில் டைப் பண்ணி, இன்னொரு மொபைலில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்க. அடுத்த நாள் அவங்களுக்கும் எக்ஸாம் இருக்கும்.