பெரம்பூரிலிருந்து வந்த பிள்ளை

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற நம்மில் பலர் ரங்கப்பிள்ளை வீதியில் நடந்திருப்போம். அந்தப் பெயருக்கு உரிய ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரிக்காரர் அல்லர். 1709-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். உறவினர் நைனியப்பப் பிள்ளையின் அழைப்பை ஏற்றுத் தந்தை திருவேங்கடம் பிள்ளை இங்கே குடிவந்தார்.

வந்த இடம் நிம்மதியானதாக இல்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த நைனியப்பர் 1716-இல் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். அப்பதவி கிறிஸ்தவருக்கே உரியது என்று சேசு சபைக் குருக்கள் அவருக்கு எதிராக நின்றதை வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனந்தரங்கர் துணி, பாக்கு வணிகத்தில் பெரும் செல்வம் ஈட்டினார். 'ஆனந்தப் புரவி' என்ற சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். ஆனாலும் துபாஷிப் பதவிக்கு வெகுகாலம் காத்திருக்க நேர்ந்தது. அதில் இருந்தவர் கத்தோலிக்கரான பேதுரு கனகராய முதலியார். இறந்துபோன தம் மகனின் நினைவாக அவர் 1745-இல் உழவர்கரையில் ஆலயம் கட்டினார். வில்லியனூர் வழியாக நகருக்குச் செல்வோருக்கு ரெட்டியார்பாளையம் புனித அந்திரேயா பங்கு தெரியும். அந்த ஆலயம்தான் அது. எல்லாச் சாதியாருக்கும் முதலியார் வைத்த விருந்தைப் பிள்ளை தம் நாட்குறிப்பில் விவரமாக எழுதியுள்ளார், கொஞ்சம் குறை சொல்லியும்! போட்டியாளர் வீட்டு விருந்தல்லவா? 1746-இல் முதலியார் இறந்த பிறகு கவர்னர் துய்ப்ளே பிள்ளையை அருகே வைத்துக்கொண்டார். 1747-இல் பதவி கிடைத்தது.

புலவர்களுக்கு அவர் வீடு திறந்தே இருந்தது. தமிழில் தியாகராச தேசிகர் 'ஆனந்தரங்கன் கோவை' பாடினார். சமஸ்கிருதத்தில் சீனிவாச கவி ஒரு சம்பு காவியம் இயற்றினார். தெலுங்கிலும் கஸ்தூரி ரங்க கவி ஒரு நூல் செய்தார். மூன்று மொழிப் புகழ் நூல்களையும் இன்று தேடிப் படிப்பவர் சிலரே.

செல்வமும் பதவியும் எதைச் செய்ய முடியவில்லை என்பதும் அவர் வாழ்வில் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, புனித பவுல் ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாஷியான பிள்ளையால் தடுக்க இயலவில்லை. குருக்கள் அதற்குத் துணைநின்றதையும், தம் மக்களின் வேதனையையும் எழுதி வைத்தார். இன்று சம்பா கோயிலில் மண்டியிடும் நாம் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகக் கூடாது.

அவர் காலத்தில்தான் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752-இல் பாகூரில் நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றார்கள். 1754-இல் துய்ப்ளே நாடு திரும்பினார். நோயுற்றிருந்த பிள்ளை 1756-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

1736 செப்டம்பரில் தொடங்கிய நாட்குறிப்பு 1761 ஜனவரி வரை செல்கிறது. கப்பல் வந்த நேரம், கடன், வழக்கு, வதந்தி எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த ஜனவரியில் பிள்ளை இறந்த சில நாளில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. குறிப்பேடுகள் 1846-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாகச் சென்னையில் அச்சானது.