பெயர் சூட்டிய பேரறிஞர்

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் வழங்குதல் மொழிக்கு அணியாகும். ஆயின், மருத்துவத்திற்கு அதுவே இடராய் முடிதலும் உண்டு. ஒரு மூலிகை ஊருக்கொரு பெயரால் வழங்குமாயின், மருந்து மாறுதலும் அதனால் உயிர்க்கு ஊறு நேர்தலும் கூடுமன்றோ? இவ்விடர் நீங்க, உயிர்களுக்கெல்லாம் பொதுப்பெயர் வகுத்த பெருந்தகையே கார்ல் லின்னேயசு ஆவார்.

இவர் 1707ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு, தோட்டக்கலையில் பெருவிருப்புடையவர். அவர் மலர்களின் பெயர்களைக் கூறுவார். சிறுவர் மறந்துவிட்டு மீண்டும் வினவுவார். இனியும் மறந்தால் பெயர் கூறுவதில்லை என்று தந்தையார் ஒருநாள் கடிந்துரைத்தனர் என்பர். அன்று முதல் பெயர்களை நினைவிற் கொள்வதே சிறுவரின் நோன்பாயிற்று.

பள்ளியில் சமயக்கல்வி அவர் மனத்தைக் கவரவில்லை. எனவே, அவரைக் கைத்தொழிலொன்றில் அமர்த்தத் தந்தையார் எண்ணினார். ரோத்மன் என்னும் மருத்துவர் அதனைத் தடுத்து, மருத்துவம் பயிலுமாறு நெறிப்படுத்தினார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் வறுமையுற்ற லின்னேயசுக்கு ஓலோப் செல்சியசு என்னும் பேராசிரியர் உணவும் உறையுளும் அளித்தார். 1732இல் லின்னேயசு பனி சூழ்ந்த லாப்லாந்தில் அலைந்து செடிகளை ஆராய்ந்தார். 1741இல் உப்சாலாவிலேயே பேராசிரியரானார்.

அக்காலத்தில் அறிஞர் வழங்கிய செடிப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு வருணனையாகவே இருந்தது. சொடக்குத் தக்காளி இனத்துச் செடி ஒன்றைக் குறிக்க, அதன் கிளை, தண்டு, இலை ஆகியவற்றின் இயல்பையெல்லாம் இலத்தீனில் அடுக்கிக் கூறவேண்டியிருந்தது. லின்னேயசு அதனைப் பைசாலிசு அங்குலேட்டா என இரண்டே சொற்களில் அடக்கினார். முதற்சொல் குடியைச் சுட்டும்; இரண்டாஞ்சொல் அக்குடியுள் அவ்வொன்றையே சுட்டும். 1753இல் ஏறத்தாழ 6,000 செடிவகைகளுக்கும், 1758இல் விலங்குகளுக்கும் இம்முறையில் பெயரிட்டார். மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தமைக்காகச் சிலர் சினந்தனர். அவர் தம் கொள்கையினின்று பிறழவில்லை.

அவருடைய மாணாக்கர் பல நாடுகளுக்குச் சென்று செடிகளைத் திரட்டினர். சிலர் சென்றவிடத்தே உயிர் நீத்தனர். கோனிக் என்பார் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். கறிவேப்பிலையின் அறிவியற்பெயரில் அவர் பெயர் இன்றும் விளங்குகின்றது.

லின்னேயசு 1778இல் மறைந்தார். மகரந்தத்தாள்களை எண்ணி அவர் செய்த செடிப்பாகுபாடு பின்னர்க் கைவிடப்பட்டது. அவர் நிலைநாட்டிய பெயர்முறையோ அழியாது நின்றது. உயிர்களுக்கு நேர்ந்த பெயர்க்குழப்பம் பிற்காலத்தில் அவற்றின் மரபணுக்களுக்கும் நேர்ந்தது. ஒரே மரபணுவை ஆய்வாளர் வெவ்வேறு பெயரால் அழைத்தனர். அதனால் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் விதிகள் 1979இல் வெளியாயின. முதுகெலும்புள்ள பிற உயிர்களின் மரபணுக்களுக்கும் ஒத்த பெயர் அமைய 2016இல் ஒரு குழு தோன்றியது.

பெயரை மறந்து கடிந்துரைக்கப்பெற்ற சிறுவர், உலகம் மறவாத பெயர்களை வகுத்தளித்தார். குறையை உணர்ந்து முயல்வோர்க்கு அக்குறையே பெருமைக்கு வாயிலாகும்.