கதைச் செல்வர் ஆண்டர்சன்

உலகெங்கணும் உள்ள சிறுவர் சிறுமியர் விரும்பிப் படிக்கும் கதைகள் பலவற்றை இயற்றியவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் என்னும் பெரியார். இவர் 1805 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 2 ஆம் நாள் டென்மார்க்கு நாட்டிலுள்ள ஓடன்சே நகரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலாளர்; அன்னையார் பிறர் ஆடைகளை வெளுத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். ஆண்டர்சன் 11 வயதில் தந்தையை இழந்தார். 14 ஆம் வயதில் தனியே தலைநகராகிய கோபன்ஹேகன் சென்றார். நாடக அரங்கில் புகழ்பெற விழைந்தார், அது கைகூடவில்லை. யோனாஸ் காலின் என்னும் பெருந்தகையார் அவரைப் பள்ளியிற் சேர்ப்பித்தார். 17 வயது இளைஞர், தம்மினும் மிக இளைய சிறுவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்றார். 1835 ஆம் ஆண்டில் அவர்தம் சிறுவர் கதைகள் முதன்முதலாக நூல்வடிவில் வெளிவந்தன.

வறுமையில் வளர்ந்த ஆண்டர்சன், கற்றோர் தம்மைத் தம்முள் ஒருவராக ஏற்க வேண்டும் என்று பெரிதும் ஏங்கினார். 1844 ஆம் ஆண்டில் அவர் பெர்லின் நகர் சென்றார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற கிரிம் உடன்பிறந்தார் இருவரும் அந்நகரில் வாழ்ந்தனர். தம் பெயரை அவர்கள் அறிந்திருப்பர் என்று நம்பி, அறிமுகக் கடிதம் ஒன்றும் இன்றியே அவர்கள் இல்லத்தை அடைந்தார். மூத்தவராகிய ஜேக்கப் கிரிம் அவரை அன்புடன் வரவேற்றார். ஆயினும் ஆண்டர்சன் என்னும் பெயரையே அவர் கேள்வியுற்றதில்லை. ஆண்டர்சன் நாணி, விரைவில் விடைபெற்றார். சில வாரங்கள் கழிந்தன. அந்த ஜேக்கப் கிரிம் கோபன்ஹேகன் வந்தபோது, ஆண்டர்சனின் இருப்பிடத்தை நாடிச் சென்று கண்டார். பெரியோர்தம் பண்பு இத்தகையது.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சை ஆண்டர்சன் 1847 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த விருந்தொன்றிற் கண்டு நட்புக் கொண்டார். அவர் நாடு திரும்புங்கால் டிக்கன்ஸ் துறைமுகத்திற்கே வந்து வழியனுப்பினார். 1857 இல் ஆண்டர்சன் டிக்கன்சின் இல்லத்தில் சின்னாள் தங்கச் சென்றவர், ஐந்து வாரங்கள் தங்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வாராது. வீட்டார் சலிப்புற்றனர். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்னும் நம் நாட்டுப் பழமொழி அவர் அறியாதது போலும்! அதன்பின் டிக்கன்சின் கடிதங்கள் நின்றுபோயின. காரணம் அறியாது ஆண்டர்சன் வருந்தினார். எனினும் நண்பரை இகழ்ந்தாரல்லர். அவர்தம் விருந்தோம்பலைப் போற்றி 1860 இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார்.

பின்னாளில் அவர் கோபன்ஹேகன் தொழிலாளர் கூட்டங்களில் தம் கதைகளைத் தாமே படித்துக் காட்டி, எளிய மக்களை மகிழ்வித்தார். 1867 இல் பிறந்த ஊராகிய ஓடன்சே, நகரெங்கும் விளக்கேற்றி அவரைத் தன் சிறப்புக் குடிமகனாக ஏற்றுப் பாராட்டியது. 1875 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

1956 ஆம் ஆண்டு முதல் ஈராண்டிற்கு ஒருமுறை, சிறந்த சிறுவர் நூலாசிரியர்க்கு அவர் பெயரால் பன்னாட்டுப் பரிசில் வழங்கப்பெறுகின்றது. அவர் பிறந்த நாள் உலகச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அறிமுகமின்றிப் பிறர் வாயிலில் நின்ற அவர்தம் பெயரே, இந்நாளில் பல நாட்டு எழுத்தாளரையும் ஒருங்கு கூட்டுகின்றது. பிறந்த குடியின் வறுமையும் இடையில் நேரும் அவமதிப்பும் முயற்சியுடையாரைத் தடுக்கமாட்டா என்பதை அவர் வாழ்க்கையால் நாம் அறிகின்றோம்.